டியூப்பை உடனே பிடுங்காதது தவறில்லை

கேள்வி: என் மாமனாருக்கு வயது 64. திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம், விவசாயம். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சிறுநீரகம் பழுதாகி, கிரியாட்டினின் 9-க்கு மேல் போய் மூச்சுத்திணறல் வந்ததால் பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இரவோடு இரவாகக் கழுத்தின் வலப்பக்கம் டயாலிசிஸ் டியூப் போட்டார்கள். மெஷின் ஓடத் தொடங்கியதிலிருந்து அலாரம் அடித்துக்கொண்டே இருந்ததால் நிறுத்திவிட்டார்கள். விடியற்காலையில் பார்த்தால் இடது கையும் காலும் வரவில்லை, வாய் கோணியிருந்தது. ‘டியூப் ஆர்ட்டரியில் போய்விட்டது’ என்றார்கள். ஆனால் அதை எடுக்கவில்லை. டியூப்போடு ஆம்புலன்ஸில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கழுத்தில் போட்ட டியூப்பால் பக்கவாதம் எப்படி வரும்? தெரிந்தும் எடுக்காமல் விட்டதுதான் காரணமா? யார் மேல் தவறு? இப்போது தொடையில் டியூப் வைத்து டயாலிசிஸ் நடக்கிறது. மறுபடி கழுத்தில் போட வேண்டும் என்கிறார்களே, சம்மதிக்கலாமா? ஆபரேஷன் முடிந்து 12 நாள் ஆகிறது. தையல் போட்ட இடத்தில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம், மாமியார் உப்பு ஒத்தடம் கொடுத்து வருகிறார்.
— ஒரு மருமகள், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரிதான் இதில் அவசரம். அதை முதலில் பார்ப்போம்.

ஒத்தடத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அடிபட்ட வீக்கத்துக்கு ஒத்தடம் சரி. இது தமனியில் (ஆர்ட்டரியில்) விழுந்த ஓட்டையைத் தைத்த இடம். ஆபரேஷனில் தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாக நின்றிருக்கலாம், அப்படியானால் தானே கரைந்துவிடும். சீழ் பிடித்திருக்கலாம். மூன்றாவதாக, தையல் கசிந்து, கசிந்த ரத்தம் தமனியை ஒட்டி ஒரு பை போலக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் அதற்குள் போய் வந்துகொண்டிருக்கலாம். போலி அனியூரிசம் என்பது அதைத்தான். அந்தப் பை ஒருநாள் வெடிக்கலாம், அல்லது அதற்குள் உறைந்த கட்டி மறுபடி மூளைக்குப் போகலாம். விரலை வைத்துத் துடிக்கிறதா என்று பார்த்து வீட்டில் முடிவு செய்ய வேண்டாம். தமனிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சாதாரணக் கட்டியும் துடிப்பது போலத்தான் தெரியும். கழுத்துக்கு ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் கால்மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிடும். இன்றோ நாளையோ, ஆபரேஷன் செய்த இடத்திலேயே போய்க் காட்டுங்கள். அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மெஷினில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போடுவார்கள், கசிவு இருந்தால் அது எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்ட கதை. ஸ்கேன் முடிவு தெரியும் முன்பே டயாலிசிஸ் செய்தாக வேண்டியிருந்தால், கழுத்து வீக்கத்தைக் காட்டி ‘ஹெப்பாரின் இல்லாமல் செய்ய முடியுமா’ என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீக்கம் சட்டென்று பெரிதானாலோ, குரல் மாறினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ, தையலில் ரத்தம் கசிந்தாலோ உடனே 108.

இனி உங்கள் முதல் கேள்வி.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே வரப்பை ஒட்டிப் பாசன வாய்க்காலும் வடிகாலும் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். தமனி பாசன வாய்க்கால், சிரை வடிகால். கழுத்தில் இரண்டும் ஒட்டியே இறங்குகின்றன. ஜுகுலர் சிரை வெளிப்பக்கம், கரோட்டிட் தமனி சற்று உள்தள்ளி. பல பேருக்குத் தமனி பாதி சிரைக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும். டயாலிசிஸ் டியூப் போக வேண்டியது வடிகாலில். அங்கே டியூப்பைச் சுற்றிச் சின்ன ரத்தக்கட்டி சேர்ந்தாலும், அது இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சிக்கும். நுரையீரல் ஒரு சல்லடை, பொடிக் கட்டிகளைத் தாங்கிக்கொள்ளும். கரோட்டிட் தமனிக்குள் போய்விட்ட டியூப்புக்கு முன்னால் சல்லடை எதுவும் கிடையாது. அடுத்த மடை மூளைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டியூப்பின் நுனி இதயத்தைப் பார்த்துக் கீழே இறங்குகிறது. தமனியில் ரத்தமோ மேல்நோக்கி மூளைக்கு ஓடுகிறது. ஓடுகிற வாய்க்காலில் எதிர்முகமாக மூங்கிலைச் செருகி வைத்தது போல. மூங்கிலில் ஆகாயத்தாமரை வந்து சேர்வதுபோல் டியூப்பின் மேல் ரத்தம் உறைந்து படியும், பிய்ந்து ஓடும். டயாலிசிஸ் டியூப் பெரும்பாலும் 12 ஃப்ரெஞ்ச் அளவு. 3 ஃப்ரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர் என்பதால் 4 மில்லிமீட்டர் தடிமன். கரோட்டிட் தமனியின் உள்விட்டம் 6, 7 மில்லிமீட்டர்தான். அதற்குள் இவ்வளவு தடித்த குழாய் கிடந்தால் ஓட்டமே மந்தமாகும். பதினைந்து வருடச் சர்க்கரையில் தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு இருந்திருக்கும். டியூப்பை ஏற்ற வழிகாட்டும் கம்பி உரசி அது பெயர்ந்திருக்கலாம், சுவரின் உள்தோல் கிழிந்து மடங்கியிருக்கலாம். டியூப்புக்குள் சலைன் தள்ளும்போது உள்ளே உறைந்திருந்த கட்டியோ காற்றுக் குமிழோ நேரே மேலே போயிருக்கலாம். இதில் எது நடந்தது என்பதை மூளை ஸ்கேனும் கழுத்து சி.டி. ஆஞ்சியோவும் ஓரளவு சொல்லும். வலது கரோட்டிட் மூளையின் வலப்பாதிக்குப் போகிறது, வலப்பாதி இடது கை காலை ஆள்கிறது. உங்கள் மாமனாருக்கு இடப்பக்கம் விழுந்ததன் கணக்கு அதுதான். டியூப் இன்னும் கீழே, காறை எலும்புக்கு அடியில் ஓடும் தமனிக்குள் போயிருந்தால் பின்மூளை பாதிக்கப்பட்டுத் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் என்று வரும். ‘பி.பி. இறங்கிவிட்டது’ என்று அதைத் தள்ளிவிடுவார்கள்.

இடையில் ஒரு சின்ன விளக்கம், ஏனென்றால் பல குடும்பங்கள் இதில் குழம்புகின்றன. டயாலிசிஸ் டியூப்பில் சிவப்பு மூடி ஒன்று, நீல மூடி ஒன்று இருக்கும். சிவப்பை டெக்னீஷியன்கள் ‘ஆர்ட்டரி லைன்’ என்பார்கள். ரத்தத்தை மெஷினுக்கு இழுக்கும் வழி என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. சரியாகப் போட்ட டியூப்பில் இரண்டு வழியுமே சிரைக்குள்தான் இருக்கும். உங்கள் விஷயத்தில் சொன்னது அந்த ஆர்ட்டரி இல்லை, நிஜத் தமனி.

இரண்டாவது கேள்வி, எடுக்காமல் அனுப்பியது. உங்கள் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. அது தவறான இடத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மெல்லிய ஊசி தமனியில் குத்திவிட்டால் உருவிவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும், ஓட்டை ஒரு மில்லிமீட்டர்தான். 7 ஃப்ரெஞ்ச், அதற்கும் மேலான குழாய் உள்ளே போய்விட்டால் கணக்கு வேறு. குழாயேதான் அப்போது ஓட்டையை அடைத்திருக்கும் முளை. பிடுங்கினால் 4 மில்லிமீட்டர் ஓட்டை திறக்கும். ரத்தம் நிற்கிற அளவு கழுத்தை அழுத்தினால் மூளைக்குப் போகும் ஓட்டமும் நிற்கும், அங்கே சேர்ந்த கட்டி மேலே போகும். லேசாக அழுத்தினால் கழுத்துக்குள் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கும். ஓட்டை காறை எலும்புக்குப் பின்னால் இருந்தால் அழுத்தவே வழியில்லை. அதனால்தான் பிடுங்கி அழுத்துவதைவிட, ரத்தக்குழாய் சர்ஜன் திறந்து பார்த்துத் தைத்து எடுப்பதோ, உள்ளேயே உறை ஸ்டென்ட் (உறை போர்த்திய வலைக்குழாய்) வைத்து அடைப்பதோ பாதுகாப்பு என்று ஆகியிருக்கிறது. டியூப்போடு அனுப்பியவர் அந்த இரவில் செய்த சரியான காரியம் அதுதான்.

அதற்காக மெதுவாகப் போகலாம் என்று பொருளில்லை. டியூப் தமனியில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கட்டி சேரும். செய்ய வேண்டியது இவ்வளவு: இரண்டு கிளாம்பையும் பூட்டி, மூடியை இறுக்கி, அதன் வழியே மருந்தோ சலைனோ எதுவும் தள்ளாமல், ‘ஃப்ளஷ்’ கூடச் செய்யாமல், டியூப் அசையாதபடி ஒட்டி, ரத்தக்குழாய் சர்ஜன் இருக்கிற இடத்துக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டு அனுப்ப வேண்டும். வாசலில் போய் இறங்கிய பிறகு ‘அந்த டாக்டர் இங்கே இல்லை, திருச்சிக்குப் போங்கள்’ என்று கேட்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் நேரத்தைத் தின்கிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட இன்னொன்று: பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கழுத்துத் தமனியில் ஓட்டையோடு இருப்பவருக்கு அந்த ஊசி பெரிய ஆபத்து. அது போடாமல் விட்டதையும் குற்றக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்படியானால் எங்கே பார்க்க வேண்டும்? டியூப் போட்ட அந்த ஐந்து நிமிடத்தில்.

முறை இதுதான். 18 கேஜ் ஊசியைச் சிரிஞ்சோடு செலுத்தி ரத்தம் வந்ததும், சிரிஞ்சைக் கழற்றி ஊசி வழியாக மெல்லிய வளையும் கம்பியை விடுவார்கள். ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேல் டைலேட்டர் என்ற கெட்டிக் குழலை ஏற்றி வழியை அகலப்படுத்துவார்கள். டயாலிசிஸ் டியூப்புக்கு இது சின்னதும் பெரிதுமாக இரண்டு முறை. பிறகு டியூப்பை ஏற்றிக் கம்பியை உருவுவார்கள். இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்வீடன் நாட்டு எக்ஸ்ரே மருத்துவர் செல்டிங்கர், 1953-ல். வேடிக்கை என்னவென்றால் அவர் அதைக் கண்டுபிடித்ததே தமனிக்குள் போவதற்காக. கம்பிக்குத் தமனி, சிரை என்ற பேதம் தெரியாது, பிடித்திருக்கும் கைதான் தெரிந்துகொள்ள வேண்டும். டைலேட்டர் ஏறும் வரை எல்லாமே திரும்பப் பெறக்கூடிய தவறு. ஏறிய பிறகு இல்லை.

‘ரத்தம் கருஞ்சிவப்பாக வந்தது, பீறிடவில்லை, அதனால் சிரை என்று நினைத்தோம்’ என்று சொல்வார்கள். உங்கள் மாமனார் போன்றவரிடம் நிறத்தை நம்ப முடியாது. நுரையீரலில் நீர் கோத்து ஆக்சிஜன் இறங்கியிருக்கும்போது தமனி ரத்தமும் கருத்துத்தான் இருக்கும். சிறுநீரக நோயில் ரத்தசோகை வேறு. ரத்த அழுத்தம் இறங்கியவருக்குப் பீறிடவும் செய்யாது. ஆகவே டைலேட்டரைத் தொடுமுன் வேறு ஒரு சாட்சி வேண்டும். அல்ட்ராசவுண்டில் கம்பி சிரைக்குள் ஓடுவதைக் குறுக்காகவும் நீளவாக்கிலும் பார்ப்பது ஒன்று. ‘அல்ட்ராசவுண்ட் வைத்துத்தான் ஊசி போட்டோம்’ என்பது மட்டும் போதாது. ஊசி சிரையின் முன்சுவரையும் பின்சுவரையும் துளைத்து அடியிலிருக்கும் தமனிக்குள் இறங்கியிருக்கலாம், திரையில் தெரிந்தது ஊசியின் நடுத்தண்டாக இருந்திருக்கலாம். பார்க்க வேண்டியது கம்பியை. ஸ்கேன் மெஷின் இல்லாத ஊரில் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. கம்பி விடுமுன் ஊசியிலோ கேனுலா என்ற சின்னப் பிளாஸ்டிக் குழலிலோ அரை மீட்டர் சுத்தமான டியூபிங்கை மாட்டி, ரத்தம் அதில் ஏறியதும் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சிரை என்றால் ரத்த மட்டம் சரசரவென்று இறங்கி மூச்சுக்கேற்ப லேசாக ஆடும். தமனி என்றால் இறங்காமல் துடித்துத் துடித்து மேலே ஏறும். ஒரு நிமிட வேலை.

போட்ட பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயும் கொஞ்சம் சொல்லும். வலப்பக்கம் போட்ட டியூப் முதுகெலும்பின் வலது ஓரமாக இறங்க வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் வளைந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஒழுங்காகத் தெரிகிற எக்ஸ்ரே நற்சான்று ஆகாது. தட்டைப் படத்தில் தமனியும் சிரையும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அலாரம்தான். சிரையில் இருக்கும் டியூப்பில் மெஷின் இழுக்கும் பக்கத்து அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே நிற்கும். தமனியில் இருந்தால் அந்தப் பக்கம் ரத்தம் தானாகவே தள்ளிக்கொண்டு வரும், திருப்பி அனுப்பும் பக்கத்து அழுத்தம் எகிறும். டியூப் மடங்கியிருந்தாலும் அலாரம் அடிக்கும் என்பது உண்மை. ஆனால் அலாரம் விடாமல் அடிக்கும்போது டியூப்பிலிருந்து ரத்தம் எடுத்து, ஆக்சிஜன் அளவைக் காட்டும் பிளட் கேஸ் சோதனைக்கு அனுப்பினாலோ, அழுத்தத்தை அளந்தாலோ விடிவதற்குள் தெரிந்திருக்கும்.

ஊசி தமனியைத் தொடுவது நல்ல கைகளுக்கும் நடக்கும். மூச்சுத்திணறி நிமிர்ந்து உட்காரத் துடிக்கும் நோயாளிக்கு நள்ளிரவில் டியூப் போடுவது சுலபமும் இல்லை. அது தவறு என்று நான் எழுதமாட்டேன். சோதிக்காமல் டைலேட்டரை ஏற்றினார்களா, அலாரத்துக்குப் பிறகு யாராவது சோதித்தார்களா என்ற இரண்டும் நியாயமான கேள்விகள். விடை கேஸ் ஷீட்டில் இருக்கும். எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிமுறைப்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். டியூப் போட்ட குறிப்பு, சம்மதப் படிவம், எக்ஸ்ரே படம், நர்ஸ்கள் மணிவாரியாக எழுதிய தாள், அழுத்த எண்கள் உள்ள டயாலிசிஸ் தாள், இவை வேண்டும். அதை ஒரு சிறுநீரக மருத்துவரிடமோ மயக்க மருத்துவரிடமோ காட்டிவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. இந்த வாரம் கழுத்து வீக்கத்துக்குத்தான்.

மறுபடி கழுத்தில் போடலாமா? போடலாம். தொடைச் சிரையில் வைத்த டியூப்பால் இந்த ஆபத்து இல்லை, தமனியில் பட்டாலும் எலும்பின் மேல் வைத்து அழுத்தலாம், மூளைக்கு வழியும் கிடையாது. ஆனால் அங்கே தொற்று சீக்கிரம் வரும், அதிக நாள் வைக்கக் கூடாது என்பது பொது வழிகாட்டல். உங்கள் டாக்டர்கள் மாற்றச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கம் என்பது டாப்ளர் முடிவைப் பொறுத்தது. தைத்த தமனிக்குப் பக்கத்தில் போக அவர்களும் தயங்குவார்கள். மாதக்கணக்கில் தேவைப்படும் என்பதால் தோலுக்கடியில் சுரங்கம் போல ஓட்டி வைக்கும் பெர்ம்கேத் கேளுங்கள். அதை எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே வைப்பார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், ‘அல்ட்ராசவுண்ட் இருக்கிறதா, டைலேட்டர் ஏற்றும் முன் கம்பியைப் பார்ப்பீர்களா, பகலில் வைக்கலாமா’ என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்படமாட்டார்.

டியூப்பை எடுக்கும் நாளிலும் கவனம் வேண்டும். கழுத்து டியூப்பை உட்கார்ந்த நிலையில் உருவினால் அந்த வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். நான்கு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே மூடாத சின்ன வழி இருக்கிறது, காற்று அதன் வழியே மூளைக்குப் போய் இன்னொரு பக்கவாதத்தை உண்டாக்கலாம். படுக்க வைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, மூச்சை வெளியே விடும்போதோ முக்கும்போதோ உருவி, அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத பிளாஸ்திரி ஒட்டி, அரை மணி நேரம் எழுந்திருக்காமல் வைக்க வேண்டும். வீட்டில் மூடி கழன்றுவிட்டால் முதலில் கிளாம்பைப் பூட்டுங்கள், இடப்பக்கம் ஒருக்களித்துத் தலை தாழப் படுக்க வையுங்கள், பிறகு 108.

டியூப்பிலிருந்து நிரந்தரமாக விடுபட வழி, கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலா. பழுக்க ஆறு முதல் எட்டு வாரம், சர்க்கரைக்காரருக்குக் கூடவே ஆகும், அதனால் இப்போதே சர்ஜனிடம் பேச்சை எடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இதற்குப் பொருந்துமா என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். வலது கை அவருக்கு இப்போது எல்லா வேலைக்கும் வேண்டும் என்பதால், இடது கை மடங்கி இறுகிப் போகாமல் இருந்தால் அதிலேயே செய்வதைப் பெரும்பாலும் யோசிப்பார்கள். அதுவரை எந்தக் கையிலும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஊசி குத்த விடாதீர்கள். ரத்தம் எடுப்பதானால் புறங்கை.

ஆனால் அந்த இடது கையை உங்கள் கண்தான் காவல் காக்க வேண்டியிருக்கும். மூளையின் வலப்பாதி அடிபட்டவர்களில் பலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு இடப்பாதியை அப்படியே வைத்துவிட்டு ‘இன்னும் போடு’ என்பார். அது அடம் இல்லை, நோய். தட்டைத் திருப்பி வையுங்கள். தண்ணீர், கூப்பிடும் மணி எல்லாம் வலப்பக்கம் இருக்கட்டும், பேச உட்காருகிறவர் இடப்பக்கம் உட்காரட்டும். ஃபிஸ்டுலா போட்ட பிறகு அந்தக் கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டாலும், ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தாலும் அவருக்குத் தெரியாமலே போகலாம். டயாலிசிஸ் முடிந்து வந்த இரவில் தூங்குமுன் ஒருமுறை போர்வையை விலக்கிப் பாருங்கள்.